கடலில் வாழும் ஆமைக்கு மூச்சுத் திணறுமா?



கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் உங்களில் பலர் சுற்றுலா போயிருப்பீர்கள். 2025 ஜனவரியில் அந்தப் பக்கம் போனவர்கள் கண்டது வேதனையான காட்சி. சென்னை, செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து கரை ஒதுங்கின. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து இதை வழக்காக எடுத்துக்கொண்டது. இறந்த ஆமைகளைப் பரிசோதித்தபோது மூச்சுத்திணறலின் அடையாளங்கள் தெரிந்தன. விசைப்படகுகளின் இழுவலையில் சிக்கியதே காரணம் என்று சொல்லப்பட்டது.

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டுமே! கடலிலேயே வாழும் பிராணிக்குத் தண்ணீரில் மூச்சுத் திணறுமா? மீனுக்குத் திணறுவதில்லையே?

இதற்கு விடை, முதுகெலும்பிகளின் நீண்ட வரலாற்றில் இருக்கிறது.

நீரிலிருந்து நிலத்துக்கு

முதுகெலும்பிகளின் கதை கடலில்தான் தொடங்கியது. சீனாவின் செங்ஜியாங் பகுதியில் சுமார் 52 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய, மீன் போன்ற சின்னஞ்சிறு உயிரினங்களின் புதைபடிவங்கள் கிடைத்துள்ளன. அவற்றின் நீளம் ஏறக்குறைய ஓர் அங்குலம்தான்! அவற்றுக்குத் தாடைகூடக் கிடையாது. செவுள்களால் சுவாசித்தன.

2004இல் கனடாவின் வடகோடியில் 'டிக்டாலிக்' என்ற மீனின் படிவம் கிடைத்தது. வயது சுமார் 37.5 கோடி ஆண்டுகள். அதற்குச் செதிலும் உண்டு, துடுப்பும் உண்டு. ஆனால், துடுப்புக்குள் நம் மணிக்கட்டைப் போன்ற எலும்புகள் இருந்தன. இப்படிப்பட்ட மீன்களின் வழியில்தான் நான்கு கால் பிராணிகள் தோன்றின.

தவளை இன்றும் முட்டையிடத் தண்ணீரைத்தான் தேடுகிறது. ஊர்வன அப்படியல்ல. 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அவற்றின் முன்னோர், உள்ளே ஈரத்தைக் காத்து வைக்கும் முட்டையைத் தரையில் இடத் தொடங்கிவிட்டன. ஆமை இந்த வம்சத்தைச் சேர்ந்தது.

மீண்டும் கடலுக்கு

பிற்காலத்தில் சில ஆமைகள் கடலுக்கே திரும்பின. கால்கள் துடுப்புகளாக மாறின. அந்தத் துடுப்பைப் பிரித்துப் பார்த்தால் நம் கையைப் போலவே ஐந்து விரல் எலும்புகள் தெரியும்! ஆனால், செவுள் திரும்பி வரவில்லை. நுரையீரல்தான் இருக்கிறது. ஆகவே, ஆமை அவ்வப்போது நீர்மட்டத்துக்கு வந்து காற்றை இழுத்துக்கொள்ள வேண்டும். முட்டைக்குள் இருக்கும் குஞ்சுக்கும் காற்று வேண்டும். அதனால்தான் பெண் ஆமை இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி, சுமார் நூறு முட்டைகள் இடுகிறது.

நம் கடற்கரையில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை இதுதான் முட்டையிடும் காலம். அப்போது ஆமைகள் கரையோரக் கடலில் கூடுகின்றன. இழுவலையில் சிக்கிய ஆமையால் மேலே வர முடியாது. மூச்சு முட்டி இறந்துவிடுகிறது.

என்ன செய்யலாம்?

சட்டம் இல்லாமல் இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்த ஆமைக்கு உயர்ந்த பாதுகாப்பைத் தருகிறது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோமீட்டருக்குள், விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்ற விதியும் தமிழகத்தில் உள்ளது. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலமும் உண்டு. ஆனால், அது ஏப்ரல் 15இல்தான் தொடங்குகிறது. அதற்குள் ஆமைகளின் காலம் பெரும்பாலும் முடிந்துவிடும்.

வலையில் பொருத்தும் ஆமை விலக்குக் கருவி ஒன்று இருக்கிறது. கம்பிச் சட்டத்தின் இடைவெளியில் மீனும் இறாலும் உள்ளே போகும். ஆமை சட்டத்தில் முட்டி, மேலே உள்ள திறப்பு வழியாக வெளியேறிவிடும். பிடித்த மீனிலும் ஒரு பகுதி அந்த வழியே போய்விடும் என்பது மீனவர்களின் கவலை. கடன் வாங்கி டீசல் போட்டுக் கடலுக்குப் போகிறவர்களின் கவலையை நாம் அலட்சியம் செய்யக் கூடாது. இன்னொரு பக்கமும் உண்டு. இந்தக் கருவி முறையாகப் பயன்படுத்தப்படவில்லை என்று சொல்லி, இந்தியக் கடலில் பிடித்த இறாலுக்கு அமெரிக்கா 2019இல் தடை விதித்தது. அந்த நஷ்டமும் மீனவர்களைத்தான் சேர்கிறது. எனவே, கருவியை வாங்கவும் பழகவும் அரசு கைகொடுத்தால், மீனவர், ஆமை இரு தரப்புக்கும் நன்மை.

கோடிக்கணக்கான ஆண்டுகளில் உருவான நுரையீரலை ஆமையால் மாற்றிக்கொள்ள முடியாது. வலையை நம்மால் மாற்ற முடியும்.

கடைசியாக ஒரு கேள்வி: கடலில் வாழும் ஓங்கிலும் அடிக்கடி மேலே வந்து மூச்சு விடுகிறதே, ஏன்? உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்!