பெயரும் சொத்துதான்

இந்தோனேசியாவில் சும்பா என்றொரு தீவு. பாலியிலிருந்து விமானம் ஏறிப் போகிறவன் எதைப் பார்க்கிறான்? வானத்துக்கு நீண்ட புல் கூரை, வீட்டு வாசலில் பெரிய பெரிய கல் சமாதி, குதிரை, நெசவுத் துணி. போட்டோ எடுக்கிறான். ‘ஆதி கிராமம், என்ன அமைதி’ன்னு எழுதுறான்.

அந்த அமைதிக்குள்ள மூணு படி இருக்கு. கிழக்குச் சும்பாவில் மேலே மரம்பா, பிரபுக்கள். நடுவில் கபிஹு, குடிமக்கள். கீழே அட்டா. அட்டா என்றால் பிறவி அடிமை. 1860இலேயே டச்சுக்காரன் தன் காலனியில் அடிமைமுறையை ஒழித்துச் சட்டம் போட்டுவிட்டான். சட்டம் காகிதத்தில் நின்னுபோச்சு.

நிலம், எருமை, குதிரை, தங்கம் என்ற வரிசையில் அட்டாவும் சொத்து. பிரபு வீட்டுப் பெண் கட்டிக்கொண்டு போனால் கூடவே அட்டாவும் சீராகப் போகணும். பிரபுவின் பெயரை யாரும் வாயால் சொல்லக்கூடாது. அதனால் அவனுடைய அட்டாவின் பெயரைச் சொல்லி, ‘இன்னாருடைய எஜமான்’ என்று அழைப்பார்கள். அட்டாவுக்கென்று மிஞ்சியது பெயர் ஒன்றுதான். அதையும் எஜமானுக்குப் பட்டமாக்கியாச்சு.

மரபைக் காப்பாத்தணும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்ல. மரபுவழிக் காடு அரசுக் காடல்ல என்று 2013இல் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் சொன்னது நியாயமான தீர்ப்பு. பிடுங்கிய நிலம் ஊருக்குத் திரும்பட்டும். ஆனால் ஊர் என்பது யார்? மரபின் பேரில் நிலத்துக்குப் பட்டா எழுதும்போது அட்டாவின் பெயர் அதில் இருக்குமா? எஜமானைக் கூப்பிடுவதற்கு இல்லை, நிலத்துக்குச் சொந்தக்காரனாக!