கூதிர் வரும் முற்றம்

நுழையும்முன்

ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து வாழ்ந்தவர் தமிழர். அவற்றுள் கூதிர் என்பது ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் நம் வீட்டு வாயிலுக்கே வரும் பருவம். அதனை வரவேற்க நம் முற்றத்தில் இடம் உள்ளதா என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது.

பெயரும் பருவமும்

இரவெல்லாம் பெய்த மழை ஓய்ந்த ஐப்பசி விடியலில், அம்பத்தூரிலோ ஆவடியிலோ பழைய வீடுகள் உள்ள தெரு ஒன்றில் நடந்து பாருங்கள். மதிற்சுவரைத் தாண்டிக் கிளை நீட்டிய பவழமல்லி, இரவில் மலர்ந்த பூக்களைத் தெருவில் உதிர்த்திருக்கும். வெண்ணிற இதழும் பவழநிறக் காம்புமாக அவை ஈர மண்ணில் கிடக்கும். சுவரோரத்தில் மண்புழு நெளிந்த தடம் தெரியும். முருங்கையின் சிற்றிலைகளில் தங்கிய நீர், காற்று அசைத்தவுடன் மற்றொரு மழையாகப் பொழியும். இத்தனையும் காசின்றிக் கிடைக்கும் காட்சிகள். ஆயினும், இப்பருவத்தின் பெயர் யாதென வகுப்பில் வினவினால், 'மழைக்காலம்' என்பர் சிலர். ஆங்கிலப் பாடநூலை நினைவிற்கொண்டு 'இலையுதிர்காலம்' என்பர் வேறு சிலர். 'கூதிர்' என்னும் விடை அரிதாகவே வரும்.

இலையுதிர்காலம் என்பது மிதவெப்ப மண்டல நாடுகளுக்கு உரியது. அங்கே செப்டம்பர் முதல் நவம்பர் வரை பகற்பொழுது குறைந்து குளிர் கூடும்போது இலைகளில் உள்ள பச்சையம் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறம் வெளிப்படுகிறது. சில மரங்களில் சிவப்பு நிறமி புதிதாகத் தோன்றுகிறது. சிவந்த மேப்பிள் இலைகளைக் காண்பதற்கென்றே ஜப்பானியர் குடும்பத்துடன் பயணம் செய்வர். அதே மாதங்களில் நம் நிலத்தில் நிகழ்வதோ இதற்கு நேர்மாறானது. வேனிலில் வறண்ட மண் இங்கே துளிர்விடுகிறது. நம் வேம்பு இலை உதிர்ப்பது பின்பனிக்காலமாகிய மாசி, பங்குனியில்தான். ஆகவே, ஐப்பசியை இலையுதிர்காலம் என்பது பொருந்தாது. பெயர் பிழைபட்டால் பார்வையும் பிழைபடும். சிவந்த இலைகளைத் தேடும் கண்ணுக்குப் பீர்க்கின் மஞ்சள் பூ தென்படுவதில்லை.

நக்கீரர் கண்ட பீர்க்கு

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையை நக்கீரர் 188 அடிகளில் பாடினார். அதன் தொடக்கப்பகுதி கூதிர்க்காலத்தைக் கூர்ந்து நோக்கி எழுதப்பட்ட பதிவாகும். முசுண்டையின் வெண்பூவும் பீர்க்கின் பொன்னிறப் பூவும் புதர்தோறும் மலர்ந்திருந்ததை அவர் குறிப்பிடுகிறார். அரசனும் அரண்மனையும் இடம்பெறும் பாட்டில், வேலியில் படரும் பீர்க்குக்கும் இடம் கிடைத்திருக்கிறது. அதே பீர்க்கு இன்றும் மாலைவேளையில் நம் கொல்லைப்புறப் பந்தலில் மலர்கிறது.

அந்நூலில் மற்றொரு காட்சியும் உண்டு. வானம் மூடிக்கிடந்தமையால் பகலும் மாலையும் வேறுபாடு தெரியாத நாளில், தட்டில் இட்டுவைத்த பிச்சியரும்புகள் விரிந்து மணந்ததைக் கொண்டே பொழுதை அறிந்து மகளிர் விளக்கேற்றினர். கைப்பேசியில் மணி பார்க்கும் நமக்கு இது வியப்பளிக்கலாம். பருவத்தை அறிவதற்கும் பூவோடு பழகுவதற்கும் இடைவெளி இல்லாத வாழ்க்கை அது.

ஊர்ப்பெயரில் வாழும் செடிகள்

சென்னையின் மேற்குப் புறநகருக்கு இவ்வுறவு புதிதன்று. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையில் உள்ளது திருமுல்லைவாயில். தொண்டைமானின் யானை அங்கே முல்லைக்கொடிகளில் சிக்கிக்கொண்டதாகத் தலவரலாறு கூறுகிறது. முல்லை நிலத்துக்குரிய பெரும்பொழுது, கூதிருக்கு முன்வரும் கார்காலம் என்பதை நீங்கள் அறிவீர்கள். சற்றுத் தெற்கே வேலமரங்களால் பெயர்பெற்ற திருவேற்காடு. அதற்கும் அப்பால் பூவிருந்தவல்லி. இராமானுசர் காலத்தவராகிய திருக்கச்சி நம்பிகள், அவ்வூரில் நந்தவனம் அமைத்துக் காஞ்சி வரதராசப் பெருமாளுக்குப் பூக்கொண்டு சென்றார் என்பது வைணவ மரபு. பூவும் கொடியும் மரமும் இவ்வூர்களுக்குப் பெயராகி நிற்கின்றன.

1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் வளர்ந்தன. அவை எண்ணற்ற குடும்பங்களுக்கு வாழ்வளித்தன. அதனைக் குறைகூறுவது நன்றி மறத்தலாகும். தொழிலாளர் பலர் சிறுகச் சிறுகச் சேமித்துக் கட்டிய வீடுகளில் முன்புறம் ஒரு செம்பருத்தியும் பின்புறம் ஒரு முருங்கையும் கிணறும் இருந்தன. அவ்வீடுகள் அடுக்ககங்களாக மாறியபோது மண் மறைந்தது. எஞ்சிய இடத்திலும் வண்டி நிறுத்தவும் சேறு படியாதிருக்கவும் சிமெண்டுத் தளம் இட்டோம். இவ்வாறு நாம் மண்ணோடு சேர்த்துப் பருவத்தையும் மூடிவிட்டோம் என்பதே என் கருத்து. சிமெண்டுத் தளத்தின்மேல் ஐப்பசி மழையும் வெறும் நீர்தான். வழிந்தோடிவிட்டால் அதன் சுவடு இராது.

ஒரு மனையின் கணக்கு

இது அழகைப் பற்றிய கவலை மட்டுமன்று. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது ஒரு லிட்டர் நீர். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனை, ஏறத்தாழ 223 சதுர மீட்டராகும். 50 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஒரு நாளில் அம்மனையில் விழும் நீர் 11,000 லிட்டருக்கு மேல். சென்னைப் பகுதியின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையால் கிடைப்பது. அந்நீரை மண் உண்ணாவிட்டால் அது தெருவுக்குத்தான் செல்லும்.

2015ஆம் ஆண்டு திசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. நான்கே ஆண்டுகளில், 2019 சூலையில், சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் வில்லிவாக்கத்துக்குக் குடிநீர் கொண்டுவர நேர்ந்தது. மழைநீர் சேகரிப்புக் கட்டமைப்பு 2003ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது. சட்டம் குழாயையும் தொட்டியையும் அமைக்கச் செய்யும். மண்ணை நேசிக்கச் செய்வது தோட்டம்தான்.

மறுப்பும் விடையும்

"மழை பெய்தால் எங்கள் வீட்டினுள் நீர் புகுகிறது. எங்களுக்குக் கூதிர் எவ்வாறு இன்பமாகும்?" எனத் தாழ்வான பகுதியில் வாழும் மாணவர் கேட்கலாம். நேர்மையான வினா இது. வீட்டுத்தோட்டம் பெருவெள்ளத்தைத் தடுத்துவிடாது. ஏரிகளையும் அவற்றின் உபரிநீர்க் கால்வாய்களையும் காப்பது அரசும் சமூகமும் சேர்ந்து செய்யவேண்டிய பணி. கூதிரின் அழகைப் பாடிய நக்கீரரும் தம் பாட்டின் தொடக்கத்தில், மழையால் இடம்பெயர்ந்து கையைத் தீயில் காய்ச்சிக் குளிரில் நடுங்கிய கோவலரைக் காட்டுகிறார். பருவத்தை உண்மையாக நோக்குபவர் அதன் இன்பத்தோடு பிறர் துன்பத்தையும் காண்பார். தன் முற்றத்தில் விழும் நீர் எங்கே செல்கிறது என்று கேட்கத் தொடங்கியவரே, ஊர் ஏரிக்குச் செல்லும் கால்வாய் எங்கே என்றும் கேட்பார்.

தோட்டம் இருந்தால் கொசு பெருகும் என்பர் வேறு சிலர். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு கொசு, தேங்கிய நன்னீரில் வளர்வது. தொட்டியின் அடித்தட்டு, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை ஆகியவையே அதற்கு வாய்ப்பானவை. நீரை உறிஞ்சும் மண்ணில் அது முட்டையிடுவதில்லை. எனவே, அகற்றவேண்டியவை சிரட்டையும் டயருமே அன்றி, மண் அன்று.

விருந்தினர் வரும் வழி

கூதிரின் தொடக்கத்தில் வரும் ஒரு விருந்தினரைப் பற்றியும் கூறவேண்டும். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சுபொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருவது ஆறுமணிக்குருவி. பச்சை, நீலம், சிவப்பு எனப் பல நிறங்கள் கொண்ட இப்பறவை, காலையும் மாலையும் ஏறத்தாழ ஆறு மணியளவில் ஒலியெழுப்புவதால் இப்பெயர் பெற்றது. நெடும்பயணத்தின் நடுவே அக்டோபரை ஒட்டிச் சென்னைத் தோட்டங்களில் இறங்கும். நிலத்தில் கிடக்கும் சருகுகளைப் புரட்டிப் புழுபூச்சிகளை உண்ணும். சருகைக் குப்பை எனக் கூட்டி எரிக்கும் வீட்டில் அதற்கு உணவில்லை. ஒரு மூலையில் சருகை விட்டுவைப்பதே நாம் அதற்கு அளிக்கும் விருந்து.

பெரிய தோட்டம் வேண்டியதில்லை. சுவரோரம் இரண்டு முழம் மண் திறந்திருந்தால் அவரை படரும். ஆடிப்பட்டத்தில் ஊன்றிய அவரை கூதிரில் கொடிவீசி முன்பனியில் காய்க்கும். வாடகை வீட்டிலோ அடுக்ககத்திலோ வாழ்பவர்க்கு மாடித்தொட்டியில் ஒரு துளசியும் ஒரு திசம்பர்ப்பூச் செடியும் போதும். அதுவும் இயலாதவர்க்குப் பள்ளி வளாகம் இருக்கிறது. அங்கே சிமெண்டுக் கற்கள் பதிக்காமல் ஒரு பகுதியை மண்ணாகவே விட்டுவைக்குமாறு ஆசிரியரிடம் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

வரும் ஐப்பசியில் முதல் பெருமழை பெய்து ஓய்ந்த மறுநாட்காலையில், பள்ளிக்குப் புறப்படுமுன் கால்மணிநேரம் ஒதுக்கி, அந்த மண்ணருகே நில்லுங்கள். அங்கே புதிதாகக் கண்ட ஐந்தினைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அவற்றின் பெயர் தெரியாவிட்டால் வீட்டிலுள்ள பாட்டியிடமோ தாத்தாவிடமோ கேட்டறியுங்கள். பக்கத்தின் தலைப்பில் 'கூதிர்' என்று எழுத மறவாதீர்கள்.