நாற்றுக்கு உரிய நிலம்

உவர் நிலத்தில் நெல்லை விதைத்துவிட்டு, முளைக்கவில்லையென்று விதையைக் குறைகூறும் கமக்காரர் எவரும் இல்லை. விதைக்கேற்ற நிலம் வேண்டும் என்பது எம் முன்னோர் எமக்குத் தந்த பாடம். கடலோரக் கண்டற்காடுகள் பற்றி இதே பாடத்தை ஆட்சியாளருக்கும் நிதி வழங்குவோருக்கும் எடுத்துரைத்த ஒரு பெண் விஞ்ஞானியை நாம் அறிந்துகொள்வது பயன் தரும்.

கலாநிதி ஜூர்ஜென் பிறிமவேரா பிலிப்பைன்ஸ் நாட்டவர். இலொய்லோவில் உள்ள தென்கிழக்காசிய மீன்பிடி அபிவிருத்தி நிலையத்தில் நீண்டகாலம் ஆய்வு செய்தவர். 1970களில் இறாலைத் தொட்டிகளில் இனம்பெருக்கும் முறையைக் கண்டறிந்த முன்னோடிகளுள் ஒருவர். அந்த அறிவினால் இறால் வளர்ப்புத் தொழில் பெருகியது. ஆனால் மீனுக்கும் இறாலுக்கும் குளங்கள் வெட்டுவதற்காகக் கண்டற்காடுகள் அழிக்கப்பட்டன. 1918 இல் அந்நாட்டில் ஏறத்தாழ 450,000 ஹெக்டேயராக இருந்த கண்டல், 1990களின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 120,000 ஹெக்டேயராகக் குறுகியது. தாம் வளர்க்க உதவிய தொழிலின் தீமையைச் சொல்ல அவர் தயங்கவில்லை. 1990களில் இறால் வளர்ப்பினால் கரையோர மக்களுக்கு ஏற்படும் இழப்புகளைக் கட்டுரைகளாக எழுதினார். அவரது ஆய்வும் கண்டலின் பக்கம் திரும்பியது.

அழிந்த காட்டை மீளமைக்கப் பெருந்தொகைப் பணத்தில் நாற்றுகள் நடப்பட்டன. அவற்றுள் நீண்டகாலம் பிழைத்தவை பொதுவாக நூற்றுக்கு 10 முதல் 20 வரையே என 2008 இல் அவரும் சக ஆய்வாளர் ஒருவரும் எழுதினர். காரணம் என்ன? தாங்குவேர்க் கண்டலின் நீண்ட வித்தைப் பொறுக்கிச் சேற்றில் குத்துவது எளிது. ஆகவே எங்கும் அதையே நட்டார்கள். கடலை நோக்கிய முன்வரிசையில் இயல்பாக வளர்வதோ மூச்சுவேர் கொண்ட வேறு இனங்கள். மேலும், கண்டலுக்கு உகந்த நிலமெல்லாம் குளங்களாகிவிட்டது. எனவே உரிமை கோர எவருமில்லாத, அலை புரளும் தாழ்ந்த சேற்றில் நாற்றுகள் நடப்பட்டன. உகந்த இடம் தேடப்படவில்லை. தகராறு இல்லாத இடமே தேடப்பட்டது. கைவிடப்பட்ட குளங்களை மீண்டும் காடாக்குங்கள் என்பதே அவர் கண்ட தீர்வு.

இத்தவறு பிலிப்பைன்ஸுக்கு மட்டும் உரியதன்று. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையிலும் கண்டல் நடுகை பல இடங்களில் நடந்தது. 23 இடங்களை ஆராய்ந்து 2017 இல் வெளியான ஆய்வின்படி, 1,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நடுகையில் வெற்றி கண்டது 200 ஹெக்டேயரைச் சற்றே தாண்டியது. ஒன்பது இடங்களில் ஒரு நாற்றேனும் எஞ்சவில்லை.

இடம்பெயர்ந்து வாழும் எமக்கு இதன் பொருளை எவரும் விளக்கத் தேவையில்லை. குடும்பங்களைக் குடியமர்த்தும்போதும் தகராறு இல்லாத நிலமே முதலில் தேடப்படுகிறது. தண்ணீர் உண்டா, மண் பயிருக்கு ஏற்றதா என்ற கேள்விகள் பின்னரே எழுகின்றன. நட்டவற்றின் எண்ணிக்கை அறிக்கையில் அழகாகத் தெரியும். பிழைத்தவற்றை எண்ணுவோர் சிலரே. எனவே எம் ஊரில் எந்தத் திட்டம் தொடங்கினாலும், மூன்று ஆண்டுகளின் பின் எத்தனை உயிருடன் நிற்கும் என்று கேட்போம். எம்மைக் குடியேற்றும் நிலத்தைப் பற்றியும் அதே கேள்வியைத் துணிவுடன் கேட்போம்.