வீணைக்கு வயது வரம்பு எதற்கு?

ராக்கெட், ஏவுகணை என்று ஓடிக்கொண்டிருந்த அப்துல் கலாம் வீணையை மட்டும் விடவில்லை. ஐன்ஸ்டைன் 6 வயதில் வயலின் பிடித்தார். முதலில் பாடம் கசந்தது. 13 வயதில் மோட்சார்ட்டின் சொனாட்டாக்கள் மீது காதல் வந்த பிறகு, முதுமை வரை வில்லைக் கீழே வைக்கவில்லை. அதன் பின்னும் பியானோவில் விரல் ஓட்டிக்கொண்டிருந்தார். இருவருக்குமே இசை பிழைப்பு அல்ல.

நம் வீடுகளிலோ பத்தாம் வகுப்பு வந்ததும் வீணை உறைக்குள் போய்விடுகிறது.

40 வயதில் அதை மறுபடி எடுப்பவருக்கு முதல் சில வாரங்கள் சோதனைதான். விரல் நுனியில் எண்ணெய் தொட்டுக்கொண்டாலும் தந்தி அறுக்கும். மெழுகில் பதித்த 24 மெட்டுகளின் மேல் கமகத்துக்காகத் தந்தியை இழுத்தால் சுருதி விலகும். விடாமல் வாசித்தால் தோல் காய்த்துவிடும், காதும் தேறிவிடும். அரங்கேற்றமெல்லாம் வேண்டாம், வீட்டில் நான்கு பேர் கேட்டால் போதும்.

மாவட்ட அரசு இசைப் பள்ளிகளின் மூன்றாண்டுப் படிப்பில் சேர 12 முதல் 25 வயதுக்குள் இருக்க வேண்டும். தொழிலாகக் கற்பவர்களுக்கு அது சரி. ஆசைக்குக் கற்க வரும் 50 வயதுக்காரர் எங்கே போவார்? மாலை வேளையில் அந்த வகுப்பறைகளை அவருக்கும் கலை பண்பாட்டுத் துறை திறந்துவிட வேண்டும்.