விலையும் துணையும்

பொருள் வாங்குவோர் இரு வகையினர். விலையை மட்டும் நோக்குவோர் ஒரு வகையினர். வாங்கிய பின் வருவதையும் எண்ணுவோர் மற்றொரு வகையினர். பழமும் துணியும் வாங்கும்போது இவர்களிடையே பெரிய வேறுபாடு தோன்றாது. பல்லாண்டு உழைக்க வேண்டிய பொருளை வாங்கும்போதுதான் அது வெளிப்படும். அமெரிக்க மக்கள் வாங்கும் இல்ல ஊர்தி இதற்கு ஏற்ற சான்றாகும்.

இல்ல ஊர்தி என்பது சக்கரங்களின்மேல் அமைந்த சிறு வீடு. தானே ஓடுவது ஒரு வகை. காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லப்படுவது மற்றொரு வகை. படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, நீர்த்தொட்டி, கழிப்பறை ஆகியவை அதனுள் அமைந்திருக்கும். விடுமுறையில் மலையும் காடும் காண விழையும் குடும்பத்தினர் இதனை வாங்குகின்றனர். ஓய்வு பெற்ற முதியோர் சிலர் இதனையே தம் நிலையான வீடாகவும் கொள்கின்றனர். அந்நாட்டு இல்ல ஊர்திகளுள் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தின் எல்க்கார்ட் வட்டாரத்தில் உருவாகி, நாடெங்கும் உள்ள விற்பனையாளரிடம் செல்கிறது.

ஆகவே, ஒரே வகை ஊர்தியைப் பலர் விற்பர்; விலையும் கடைக்குக் கடை வேறுபடும். அருகில் உள்ள வணிகர் 40,000 டாலர் கேட்க, 1,000 மைலுக்கு அப்பால் உள்ளவர் 37,000 டாலருக்குத் தருவதாக வைத்துக்கொள்வோம். எவரிடம் வாங்குவது அறிவுடைமை?

இதற்கு விடை காண ஊர்தியின் இயல்பை அறிதல் வேண்டும். சாலையில் ஓடுந்தோறும் அவ்வீடு முழுவதும் குலுங்குகிறது. இணைப்புகள் தளர்கின்றன. கூரைப் பொருத்துகளில் பூசிய பசை வெடித்தால் மழைநீர் புகுந்து உள்ளிருக்கும் மரத்தை அழிக்கிறது. ஊர்தியின் வீட்டுப் பகுதிக்குச் செய்தவர் தரும் உத்தரவாதம் பெரும்பாலும் ஓராண்டிற்கே உரியது. குளிர்ப்பெட்டியைச் செய்தவர் ஒருவர். அடுப்பைச் செய்தவர் வேறொருவர். அவரவர் உத்தரவாதமும் வெவ்வேறு. இவர்களிடம் வாதாடிப் பழுதை நீக்கித் தரக்கூடியவர் விற்பனையாளரே. அவருள் பலர் தம்மிடம் வாங்கியவர்க்கே முதலிடம் தருவர். மக்கள் பெரிதும் பயணம் செய்யும் கோடையில் பட்டறைகள் நிரம்பி வழியும். பிறரிடம் வாங்கியவர் வாரக்கணக்கில் காத்திருக்க, விடுமுறையும் கழிந்துவிடும்.

“மிச்சமான பணத்தைக் கொண்டு பழுதுபார்த்துக்கொள்ளலாமே, இருக்கும் இடத்திற்கே வந்து செப்பனிடுவோரும் உளரே” என்பர் சிலர். இக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. தம் கையாலேயே பழுது நீக்க வல்லார்க்குக் குறைந்த விலை ஊதியமே. மேலும், மிகுந்த விலை நல்ல பணிக்குச் சான்றன்று. முதலில் குறைந்த விலை கூறி, பின்னர் ஏற்றுகூலி, எழுத்துக்கூலி எனப் பலவற்றைச் சேர்ப்போரும் உண்டு. ஆதலின், முடிவான தொகையை எழுத்தில் பெறுதல் இன்றியமையாதது.

பின்னர், அழகிய காட்சிக்கூடத்தில் நில்லாது பட்டறைக்குச் செல்ல வேண்டும். பயிற்சி பெற்ற கம்மியர் எத்தனை பேர், பழுதுற்ற ஊர்தி எத்தனை நாள் காத்திருக்கிறது என்று வினவ வேண்டும். அங்குக் காத்திருப்போரிடம் பேசினால் பல உண்மைகள் புலப்படும். ஒப்படைக்கும் முன் தொட்டியில் நீர் நிரப்பி, அடுப்பை மூட்டி, ஒவ்வொரு கருவியையும் தம் கண்முன் இயக்கிக் காட்டுமாறு கேட்க வேண்டும். நேர்மையான வணிகர் இவ்வினாக்களை வரவேற்பார். மழுப்புவோரை விட்டு விலகுதலே நன்று.

இதில் வாங்குவோரின் பொறுப்பும் ஒன்று உண்டு. கம்மியர்க்குக் கூலியும் பட்டறைக்கு இடமும் வணிகர் பெறும் வருவாயிலிருந்தே வரவேண்டும். எல்லாரும் குறைந்த விலையையே நாடி ஓடினால், பணியைப் பேணுவோர் நலிவர். விற்றவுடன் கைகழுவுவோர் செழிப்பர். பிறகு கூரை ஒழுகும் நாளில் நாடிச் செல்ல எவரும் இரார். சந்தையின் பண்பை வணிகர் மட்டும் அமைப்பதில்லை. வாங்குவோரும் சேர்ந்தே அமைக்கின்றனர்.

தொலைவும் பழுதும் காத்திருப்பும் கணக்கில் சேர்ந்த பின்னரே ஒரு பொருளின் உண்மை விலை தெரியும். அக்கணக்கைப் பார்த்த பிறகும் குறைந்த விலையே மேல் எனத் தோன்றினால் அதனைக் கொள்ளலாம். பாராமல் கொள்ளுதல் கூடாது. விலை ஒருநாள் கொடுப்பது. துணையோ பன்னாள் வேண்டுவது.