தலைகீழாப் போனா கிடைக்கும்!

திருவாலங்காட்டிலிருந்து தினம் லோக்கல் பிடித்து சென்னை ஆபீசுக்கு வருகிற நண்பர் ஒருவர், தபாலில் பி.எஸ்ஸி. கணக்கு படிக்கிறார். காஸ் எக்ஸ் = லாக் எக்ஸ். எக்ஸ் என்ன?

"ரெண்டு வாரமா முட்டறேன் சார். ஃபார்முலாவே வரலை. நமக்கு இது சரிப்படாதுன்னு தோணுது. அடுத்த வருஷ ஃபீஸ் கட்டறதா வேணாமான்னு யோசிக்கறேன்."

கட்டுங்கள் ஐயா! இது எந்த ஃபார்முலாவிலும் அடங்குகிற சமாசாரம் இல்லை. காஸ் ஒரு முடிவில்லாத தொடர். ஒன்றில் ஆரம்பித்து, எக்ஸ் வர்க்கத்தில் பாதியைக் கழி, நாலாம் அடுக்கில் 24-ல் ஒரு பங்கைக் கூட்டு, ஆறாம் அடுக்கில் 720-ல் ஒரு பங்கைக் கழி என்று அனுமார் வால்தான். லாக் வேறு தினுசு. (ஸைன், காஸ் எல்லாம் எக்ஸ்பொனென்ஷியலுக்குப் பங்காளிகள் என்று ஆய்லர் 18-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். கும்பகோணத்தில் பள்ளிப் பையன் ராமானுஜன் அதைத் தானாகவே கண்டுபிடித்து, பழைய சரக்கு என்று தெரிந்ததும் காகிதங்களை வீட்டுக் கூரையில் ஒளித்துவைத்தாராம்.)

கால்குலேட்டரை ரேடியனில் வையுங்கள். லாக் என்றால் இங்கே எல்.என். பட்டன். எக்ஸ் 1 என்று குத்துமதிப்பாக வைத்து காஸ் தட்டி, வந்ததை 'இ'-க்கு அடுக்காக ஏற்றுங்கள். 1.72. திரும்பவும் அதே. 0.86, 1.91, 0.71... ஊஞ்சல் வீச்சு ஏறிக்கொண்டே போகிறது. விடைக்குப் பக்கத்திலேயே ஆரம்பித்தாலும், சுற்றுக்குச் சுற்று பிழை ஒன்றேகால் மடங்காகும்.

காரைக்கால் அம்மையார் கயிலைக்குத் தலையால் நடந்துபோனவர். இப்போது அவர் இருப்பது உங்கள் ஊர் ரத்தின சபையில்தான். அவர் வழியே போவோம். முதலில் லாக், பிறகு காஸ் இன்வர்ஸ். 1.57, 1.10, 1.47, 1.17... பிழை ஏறக்குறைய ஐந்தில் நாலாகச் சுருங்கும். முப்பது தடவை தட்டினால் 1.303!

பழைய வானசாஸ்திரக்காரர்கள் இந்தத் திரும்பத் திரும்பப் போடுவதற்கு 'அசக்ருத்' என்று பேரே வைத்திருக்கிறார்கள். ஒரு தடவை இல்லை என்று அர்த்தம். கால்குலேட்டர் இல்லாமல் போட்டார்கள்.

நண்பர் மறுநாள் 2.715 என்று வந்தார். மெஷின் டிகிரியில் இருந்திருக்கிறது. அங்கே தலைகீழ் வேண்டாம், நேராகப் போனாலே ரெண்டு சுற்றில் கிடைத்துவிடும். "ஏன் சார் அப்படி?" என்கிறார். ஃபீஸ் கட்டிவிட்டார் என்று நினைக்கிறேன்.