காமிராவுக்கும் கண்புரை வரும்!

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பீரோவிலோ பரணிலோ பழைய ஃபிலிம் காமிரா ஏதாவது தூங்குகிறதா? இருந்தால் இதைப் படித்துவிட்டு எடுத்துப் பாருங்கள்.

போகிக்குப் பரணைச் சுத்தம் செய்தபோது, காலஞ்சென்ற என் மாமனாரின் யாஷிகா எஃப்.எக்ஸ்.3 காமிரா தோல் உறையோடு கிடைத்தது. காலேஜில் படிக்கிற என் பெண் அதைக் கண்டதும் குதித்தாள். "அம்மா, இப்போ பிள்ளைங்க எல்லாம் ஃபிலிமுக்குத் திரும்பிட்டாங்க. அதுல வர்ற கலரே தனி!" என்றாள். ஊட்டியில் 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் தயாரித்த அரசாங்கத் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. கலர் ஃபிலிம் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. 36 படம் எடுக்கும் கோடாக் கோல்டு 200 ஒரு ரோலைச் சென்னையிலிருந்து வாங்கி வந்தாள். விலையைக் கேட்டதும் எனக்கு மளிகைக் கணக்குதான் ஞாபகம் வந்தது!

கலர் ஃபிலிமில் நீலம், பச்சை, சிவப்பு ஆகிய மூன்று ஒளிகளுக்கும் தனித்தனியாக, வெங்காயச் சருகு போல மெல்லிய அடுக்குகள் இருக்கின்றன. கழுவும்போது அந்த அடுக்குகளில் சாயம் உண்டாகிறது. நம் காஞ்சிபுரத்துப் பட்டுக்குச் சாயம் ஏற்றுவதைப் பார்த்த எனக்கு இது சட்டென்று புரிந்துவிட்டது.

வர்ணம் பளிச்சென்று வர என் பெண் சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறேன். நல்ல வெயிலில் லென்ஸ் துவாரத்தை 16-ல் வைத்து, ஃபிலிமின் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் வேகத்தை வைக்க வேண்டும். 200 ஃபிலிமுக்கு 250. பாட்டரி, மீட்டர் எதுவும் வேண்டாம். நெகடிவ் ஃபிலிமுக்குக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் கொடுத்தால் கலர் செழிப்பாக வரும். அதனால் 16-க்குப் பதில் 11. ஸ்லைடு ஃபிலிமுக்கு இது கூடாது. கொஞ்சம் கூடினாலும் வெளுத்துவிடும்.

உச்சி வெயிலில் எடுக்காதீர்கள். எங்கள் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 1,100 வருஷத்துக்கு முந்தியவை. நடுப்பகலில் அந்த எழுத்துகள் சுவரோடு சுவராகக் கிடக்கும். வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் நிழல் விழுந்து எடுப்பாகத் தெரியும். எதிரெதிர் வர்ணங்களைப் பக்கத்தில் வைப்பதும் முக்கியம். இதை நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டாம். அரக்கு உடலுக்குப் பச்சை பார்டர் கோர்த்து நெய்கிறவர்கள் நம் பக்கத்து நெசவாளர்கள்தானே!

ஆகவே நாற்று வயலுக்கு முன்னால் சிவப்புச் சேலை, ஏரிக்கரை, கோயில் சுவர் என்று ஓடி ஓடி எடுத்தோம். திண்ணையில் என் அத்தையை (மாமியாரைத்தான் சொல்கிறேன்) எம்.எஸ். ப்ளூ பட்டுப் புடவையில் உட்கார வைத்தும் எடுத்தோம். அந்தப் புடவையில் ஒரு மனஸ்தாபம் இருந்தது. "வெயில்ல போட்டுப் போட்டு என் புடவைச் சாயத்தையே போக்கிட்டே" என்று ஒரு வருஷமாக அத்தை சொல்லிக்கொண்டிருந்தார். நிழலில்தான் உலர்த்தினேன். எத்தனை தரம் சொல்லியும் கேட்கவில்லை. நானும் அதற்கப்புறம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இங்கே ஃபிலிம் கழுவ ஆளில்லை. கூரியரில் சென்னைக்கு அனுப்பிப் பிரிண்ட் வாங்கினோம். பிரித்ததும் அழுகையே வந்தது. எல்லாம் மோர் தெளித்தது போல மங்கல்! காஞ்சிபுரத்தில் ஒரு பழைய ஸ்டூடியோக்காரர் லென்ஸுக்குப் பின்னால் டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே சிலந்தி வலை போல மெல்லிய இழைகள். "பூஞ்சைம்மா. தோல் உறையில வச்சுப் பரண்ல போட்டா ஈரம் கோத்துக்கும். இது வெளிச்சத்தைச் சிதறடிச்சிடும். கறுப்பு கறுப்பா விழாது, கலரும் எடுக்காது" என்றார். பிரித்துத் துடைத்துக் கொடுத்தார்.

அதே ஃபிலிம், அதே இடங்கள், அதே வெயில். இரண்டாவது ரோல் வந்தபோது, அடேயப்பா! வயலின் பச்சை கண்ணைப் பறித்தது. அத்தையின் புடவை நீலம் மயில் கழுத்தாக மின்னியது. ஜெயித்த சந்தோஷத்தில் அதை அவரிடம் நீட்டினேன். "பாருங்க அத்தை, சாயம் போயிருக்கா?"

கண்ணருகில் வைத்து வெகு நேரம் பார்த்தார். "ஏம்மா, இதுவும் சாம்பல் பூத்த மாதிரிதானே இருக்குது?" என்றார். வம்புக்குச் சொல்லவில்லை. குரல் சின்னதாக இருந்தது.

என் பெண்தான் மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, பாட்டி லென்ஸை யாரும் டார்ச் அடிச்சுப் பார்க்கலியே."

எனக்குச் சுருக்கென்றது. எதிரே வரும் வண்டி வெளிச்சம் கூசுகிறது என்றார், அரிசியில் கல் தெரியவில்லை என்றார். எல்லாவற்றையும் முணுமுணுப்பு என்றே தள்ளிவிட்டேனே! மறு வாரமே கண் டாக்டரிடம் அழைத்துப் போனோம். இரண்டு கண்ணிலும் புரை. நம் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக மஞ்சளித்து மங்குவதுதான் கண்புரை. அது நீல ஒளியைத் தடுத்துவிடுவதால் நீலம் சாம்பலாகத் தெரியுமாம். கொஞ்சங் கொஞ்சமாக வருவதால் நோயாளிக்கே தெரியாது. வீட்டில் உள்ளவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

பயப்பட ஒன்றுமில்லை. மங்கின லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்கிறார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். மதுரையில் 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, 1992-ல் ஆரோலாப் மூலம் இந்த லென்ஸை நம் நாட்டிலேயே மலிவாகச் செய்ய ஆரம்பித்தது. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இந்த ஆபரேஷன் இலவசமாகவே நடக்கிறது.

முதலில் வலது கண்ணுக்குச் செய்தார்கள். சில நாள் கழித்து அத்தை தாமாகவே அந்தப் படத்தைக் கேட்டு வாங்கினார். இடது கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு வலது கண்ணை மூடிப் பார்த்தார். மறுபடியும் மாற்றினார். "ஒரு கண்ல நீலம், ஒரு கண்ல அழுக்கு. புடவை மேல பழி போட்டேனேம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "நானுந்தான் உங்க மேல போட்டேன் அத்தை" என்றேன். அடுத்த மாதம் இடது கண்ணும் ஆயிற்று.

சில குறிப்புகள்: காமிராவைத் தோல் உறையில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, அவ்வப்போது வெளியே எடுத்துப் புழங்குங்கள். வாங்கின ஃபிலிமை மூடின டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கலாம். குளிர் விட்ட பிறகே பிரிக்கவேண்டும், இல்லையேல் நீர் கோத்துக்கொள்ளும். நெகடிவ்களைத் தூக்கி எறியாதீர்கள். பிரிண்ட் வெளுத்தாலும் மறுபடி போடலாம்.

ஐம்பது தாண்டிய பெரியவர்கள் யாராவது வீட்டில் "எல்லாம் மங்கலா இருக்கு" என்று சொன்னால், சண்டைக்குப் போகுமுன் கண்ணைக் காட்டிவிடுங்கள். மூன்றாவது ரோலை அத்தைதான் எடுக்கப் போகிறாராம். முதல் படம் நான்தானாம், அதே நீலப் புடவையில்!